யார் வீட்டு வெள்ளி?

பிறத்தியார் பெயர் வெட்டிய வெள்ளிச் சாமான்களைச் சேர்த்து வைப்பது இப்போது நம் நகரங்களில் ஒரு கௌரவமாகிவிட்டது. முன்பெல்லாம் தபால் தலை சேர்ப்பார்கள், தீப்பெட்டிப் படம் சேர்ப்பார்கள். அதனால் யாருக்கும் நஷ்டமில்லை. இப்போது கூடத்தில் கண்ணாடி பீரோ ஒன்றை நிறுத்தி, உள்ளே சிறு விளக்குப் போட்டு, கறுப்பு வெல்வெட்டின் மேல் பழைய வெள்ளிக் கரண்டிகளையும் முள்கரண்டிகளையும் வரிசையாகப் படுக்க வைத்திருக்கிறார்கள். விருந்தாளி காப்பி குடித்து முடிக்கும்வரை வீட்டுக்காரர் பொறுத்துக்கொண்டிருக்கிறார். பிறகு பீரோ திறக்கிறது. உபந்நியாசம் ஆரம்பமாகிறது.

"இதோ பாருங்கள், நடக்கிற சிங்கம், ஆயிரத்துக்குத் தொள்ளாயிரத்து இருபத்தைந்து பங்கு அசல் வெள்ளி என்று அதற்கு அர்த்தம். இது சிறுத்தைத் தலை, லண்டனில் சோதித்தது. இந்தத் தனி எழுத்து இருக்கிறதே, அது வருஷத்தைச் சொல்லும்." இதெல்லாம் உண்மைதான். ஆனால் அவருக்கு மெய்யான பெருமை இந்த முத்திரைகளில் இல்லை. கைப்பிடியின் அகன்ற முனையில் கொடிபோல ஒன்றையொன்று தழுவிக்கொண்டிருக்கும் இரண்டு மூன்று எழுத்துக்களில் இருக்கிறது. மோனோகிராம்! யாருடைய எழுத்து என்று கேட்டால், "அதுதான் தெரியாது, தெரியாததுதான் அதன் அழகு" என்கிறார்.

நான் அறிந்த ஒரு பெரிய மனிதர் ஒரு டஜன் கரண்டிகளைக் காட்டி, எல்லாவற்றிலும் ஒரே பிரபுவின் முதலெழுத்துக்கள் இருப்பதாகப் பூரித்துப் போனார். குனிந்து பார்த்தேன். ஈ.பி.என்.எஸ். என்று இருந்தது. நிக்கல் கலந்த உலோகத்தின் மேல் மின்சாரத்தால் வெள்ளி முலாம் பூசியது என்பதன் சுருக்கம் அது. 1840-ல் எல்கிங்டன் கம்பெனியார் அந்த முறைக்குப் பதிவுரிமை வாங்கிய பிறகு, உலகத்திலுள்ள பாதி ஹோட்டல்களில் அந்தப் பிரபு சாப்பிட்டிருக்கிறார். அவருடைய சந்தோஷத்தைக் கெடுப்பானேன் என்று நான் வாயைத் திறக்கவில்லை.

சிரிப்பு போகட்டும். இந்த மோகம் வெள்ளைக்காரர் கரண்டியோடு நின்றிருந்தால் நான் பேனாவை எடுத்திருக்க மாட்டேன். அது நம் வீட்டுச் சாமான்களுக்கும் வந்துவிட்டது. பன்னீர்ச் செம்பு, சந்தனக் கிண்ணம், குங்குமச் சிமிழ், குழந்தைக்குப் பால் புகட்டும் பாலாடை, பஞ்சபாத்திரம், அதில் கிடக்கும் உத்தரணி எல்லாம் பழஞ்சாமான் கடைகளில் தொங்குகின்றன. அடியில் புள்ளி புள்ளியாகப் பெயர் வெட்டியிருந்தால் மவுசு கூடுகிறது. "அசல் குடும்பச் சொத்து, பாருங்கள், பெயர்கூட இருக்கிறது!" என்கிறான் கடைக்காரன். திருட்டுச் சாமான் என்று சந்தேகிக்கச் செய்ய வேண்டிய அடையாளமே சாமானின் உயர்வுக்கு அத்தாட்சியாகிவிட்டது. இதைப் போல ஒரு தலைகீழ் நியாயத்தை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

என் கட்சி இதுதான்: அந்தப் பெயர் அலங்காரம் அல்ல, பத்திரம். நிலத்துக்குப் பத்திரம் காகிதத்தில் இருக்கிறது. பெண்ணின் வெள்ளிக்குப் பத்திரம் வெள்ளியிலேயே இருக்கிறது. பத்திரத்தை வாசிக்காமல் அதிலுள்ள கையெழுத்தின் வளைவுகளை மட்டும் ரசிக்கிறவரை என்னவென்று சொல்வது?

சேகரிப்பவர்கள் பக்கத்தில் ஒரு நியாயம் உண்டு. அதை மறைக்கப் பார்ப்பது யோக்கியமல்ல. அவர்கள் வாங்காவிட்டால் அந்தச் சாமான் மூசைக்குப் போகும். 1980 ஜனவரியில் அமெரிக்காவில் ஹண்ட் சகோதரர்கள் வெள்ளியை வாங்கி வாங்கிக் குவித்ததில், ஓர் அவுன்ஸ் ஐம்பது டாலரை எட்டியது. அந்த நாட்களில் மேல்நாட்டில் நூறு, இருநூறு வருஷத்துக் கரண்டிகளும் தேநீர்ப் பாத்திரங்களும் மூட்டை மூட்டையாக உலைக்குப் போயின. 2025-ல் வெள்ளி அந்தப் பழைய உச்சத்தையும் தாண்டிவிட்டது. நம் ஊர்க் கடைகளில் பழைய வெள்ளியைத் தராசில் போடுகிறவன் செய்நேர்த்தியைப் பார்ப்பதில்லை; பற்றுக்கும் அழுக்குக்கும் இவ்வளவு கழிவு என்று சொல்லி எடையைத்தான் பார்க்கிறான். அந்தத் தராசிலிருந்து ஒரு சிமிழைக் காப்பாற்றுகிறவருக்கு நான் விரோதி இல்லை. ஆனால் சாமானைக் காப்பாற்றுவது ஒன்று, அதன் உரிமைக்காரியை மறந்துவிடுவது இன்னொன்று. முதலாவதைச் செய்தேன் என்பது இரண்டாவதற்குச் சமாதானம் ஆகாது.

மோனோகிராமின் கதையையே கொஞ்சம் பாருங்கள். பதினெட்டாம் நூற்றாண்டு ஆங்கிலக் கரண்டிகளில் மூன்று எழுத்துக்கள் முக்கோணமாக வெட்டப்பட்டிருக்கும். உச்சியில் இருப்பது குடும்பப் பெயரின் முதலெழுத்து. கீழே ஒரு பக்கம் கணவன் பெயர், மறுபக்கம் மனைவி பெயர். பார்ப்பதற்குச் சரிசமமான தம்பதிகள்! ஆனால் அந்தக் காலத்து ஆங்கிலச் சட்டம் என்ன சொல்லிற்று? கல்யாணமான நிமிஷத்தில் மனைவியின் அசையும் பொருள் அத்தனையும் கணவனுடையது. அவள் பெயர் கரண்டியில் இருக்கலாம், கரண்டி அவளுடையதல்ல. கெட்டிக்காரத் தகப்பன் பணமும் செலவழித்து, தர்மகர்த்தாக்களை நியமித்து, தனிப் பத்திரம் எழுதி வைத்தால்தான் பெண்ணின் பொருள் பெண்ணுக்கு மிஞ்சும். 1870-ல் ஒரு சட்டம் வந்து கொஞ்சம் திறந்தது; 1882-ல் வந்த சட்டம்தான் மணமான பெண்ணின் சொத்து அவளுடையது என்று தாராளமாக ஒப்புக்கொண்டது. ஆகவே 1882-க்கு முந்திய ஆங்கிலக் கரண்டியில் ஒரு பெண்ணின் எழுத்தைப் பார்க்கும்போது, நாம் பார்ப்பது பெரும்பாலும் ஒரு பொய்யை. அழகாக வெட்டப்பட்ட பொய்.

அமெரிக்காவில் வேறு ஒரு வழக்கம் இருந்தது. கல்யாணப் பெண்ணுக்குப் பிறந்த வீட்டார் சேர்த்துக் கொடுக்கும் வெள்ளியில் அவளுடைய பிறந்த வீட்டு முதலெழுத்துக்களை வெட்டுவார்கள். புகுந்த வீட்டுப் பெயரைப் போடுவதில்லை. ஏன் என்று யோசித்தால், அந்தத் தாய்மார்கள் வக்கீல்களைவிட விவேகிகள் என்று தோன்றுகிறது.

பழஞ்சாமான் வியாபாரத்தில் இன்னொரு வித்தை உண்டு. எல்லாரும் பிறத்தியார் பெயரை விரும்புவதில்லை. அவர்களுக்காகப் பெயரைத் தேய்த்து அழித்து, மெருகு போட்டு விற்கிறார்கள். அழித்த இடம் மெலிந்து போகும். தெரிந்த ஆசாமிகள் அந்த இடத்தின் மேல் வாயால் ஊதிப் பார்ப்பார்கள். மூச்சின் ஈரம் படியும்போது, அழித்த எழுத்து ஒரு கணம் தெரிந்து மறையும். சேகரிப்பாளர் அதைப் பார்த்து, "பெயர் அழித்த சரக்கு, விலையைக் குறை" என்கிறார். அந்த ஒரு கண நேரத்தில் தெரிந்த பெயர் யாருடையது என்று அவர் கேட்பதில்லை!

சென்னைக்கும் இதில் பங்கு உண்டு. 1849-ல் தொடங்கிய பி. ஆர் அண்டு ஸன்ஸ் கம்பெனி மவுண்ட் ரோடில் கடிகாரத்தோடு வெள்ளியும் விற்றது. நம் தட்டார்கள் தெய்வ உருவங்களை எழுப்பி வேலை செய்த சாமான்களுக்கு ஆங்கிலேயர் 'சுவாமி வெள்ளி' என்றே பெயர் வைத்தார்கள். தேநீர்க் கெண்டியைச் சுற்றிலும் விஷ்ணுவும் சிவனும் நிற்பார்கள். கரண்டியின் முனையில் ஒரு தெய்வம் தவமிருக்கும். துரைசானி அதைக் கொண்டு சர்க்கரை கலக்குவாள். நடுவில் ஒரு வெற்றிடம் விட்டிருப்பார்கள், துரையின் எழுத்தை வெட்ட. செய்த தட்டானின் பெயர் பெரும்பாலும் எங்கும் இருக்காது. இன்று ஏலத்தில் அந்தச் சாமான்கள் கம்பெனியின் பெயரால்தான் விலை போகின்றன.

இனி நம் வீட்டுக்கு வருவோம். தமிழ்நாட்டில் பாத்திரத்தில் பெயர் வெட்டாத குடும்பம் எது? பித்தளையானாலும், எவர்சில்வரானாலும், வெள்ளியானாலும் பாத்திரக் கடை வாசலிலேயே ஒருவர் உட்கார்ந்திருப்பார். மடியில் பாத்திரத்தைக் கவிழ்த்து வைத்து, சிற்றுளியின் தலையில் டக்டக்கென்று தட்டிப் புள்ளிகளாலேயே எழுத்தை அமைப்பார். இப்போது மின்சார ஊசி வந்துவிட்டது. எழுத்து வேகமாக விழுகிறது, அழகு குறைந்துவிட்டது. எதற்காக வெட்டுகிறோம்? கல்யாணம் கார்த்திகைக்கு நாலு வீட்டுப் பாத்திரம் ஒன்றாகச் சேரும்போது மாறிப் போகாமல் இருக்க என்று சொல்வார்கள். அண்டாவுக்கு அது சரி. பெண்ணின் சீர்வரிசையில் வருகிற வெள்ளிக்கு அந்தக் காரணம் போதாது. குங்குமச் சிமிழை யார் இரவல் கொடுக்கிறார்கள்? அந்தப் பெயர் வெளியாருக்காக வெட்டியதல்ல. பெண் போய்ச் சேருகிற வீட்டாருக்காக வெட்டியது. "இது எங்கள் பெண்ணுடையது, நினைவிருக்கட்டும்" என்று பெற்றவர்கள் வாயால் சொல்ல முடியாத வார்த்தையை உளியால் சொல்லி அனுப்புகிறார்கள். சம்பந்திகளிடம் சிரித்துக்கொண்டே கொடுத்த எச்சரிக்கை அது.

எச்சரிக்கைக்கு என்ன மரியாதை கிடைத்தது என்பதைப் பட்டணத்து வரவேற்பறையில் உட்கார்ந்து தெரிந்துகொள்ள முடியாது. உத்திரமேரூர் வட்டாரத்தில், காஞ்சிபுரத்திலிருந்து செங்கல்பட்டுப் போகிற வழியில் பழைய சீவரம் இருக்கிறது. அதற்கு எதிர்க்கரையில் திருமுக்கூடல். பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுகிற இடம். வருஷத்தில் பெரும்பகுதி கூடுவது மணல்தான் என்றாலும் பெயர் பெயர்தான். மாட்டுப் பொங்கலன்று காஞ்சி வரதராஜப் பெருமாள் பார்வேட்டைக்காகப் பழைய சீவரம் வந்து, ஆற்றைக் கடந்து இந்த ஊருக்கு எழுந்தருளுவார். அந்தக் கூட்டத்துக்குப் போய் வந்த ஒரு தடவை, அந்த ஊர்ப் பெரியம்மா ஒருவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தேன். எனக்கு உறவில்லை, ஊர் முறையில் பெரியம்மா. பேச்சு வெள்ளி விலையில் வந்து நின்றது. அந்த வருஷம் எல்லாத் திண்ணையிலும் அதே பேச்சு.

"என் பேரு வெட்டின சாமானு அஞ்சு வந்துச்சு தம்பி," என்றார். "சொம்பு ஒண்ணு, பன்னீர்ச் சொம்பு ஒண்ணு, சிமிழு, தம்ளரு, கொழந்தைக்குச் சோறு ஊட்டற கிண்ணம்."

"இப்போது எங்கே இருக்கின்றன, பெரியம்மா?"

அவர் கணக்குச் சொன்னார். தயங்கவில்லை; பட்டாமணியம் கணக்குப் படிப்பது போலச் சொன்னார். சொம்பு கிணறு தூர் வாரப் போயிற்று. தம்ளர் நாத்தனாரின் பிள்ளைப்பேற்றுக்கு. பன்னீர்ச் செம்பு மோட்டாருக்கு. கிண்ணம் மகனின் காலேஜ் சம்பளத்துக்கு. சிமிழ் எதற்குப் போயிற்று என்பது மட்டும் அவருக்கே தெரியாது. ஒரு தீபாவளிக்குப் பெட்டியைத் திறந்தபோது இல்லை.

"உங்களைக் கேட்டுத்தானே எடுத்தார்கள்?"

"கேக்கறது இன்னா இருக்குது? பொட்டிச் சாவி மாமியார் இடுப்புல கெடந்துச்சு."

அடகுச் சீட்டு யார் பெயரில் என்றும் கேட்டேன். அவர் சிரித்தார். ஆண்பிள்ளை போய் வாங்கி வந்த சீட்டில் பெண்பிள்ளை பெயர் எப்படி இருக்கும் என்ற சிரிப்பு. அடகு பிடிப்பவர் சீட்டுக் கொடுக்க வேண்டும் என்பதற்கு 1943-லேயே சட்டம் செய்திருக்கிறார்கள். கொண்டு வந்தவன் பெயரும் விலாசமும் அதில் இருக்கும். பாத்திரத்தின் அடியில் வேறொரு பெயர் பளிச்சென்று இருந்தாலும், சீட்டில் இருக்கிற பெயருக்குத்தான் பொருள் சொந்தம். பத்திரத்தின் மேல் பத்திரம்! பெற்றவன் உளியால் எழுதிய பத்திரத்தைப் புருஷன் பென்சிலால் எழுதிய சீட்டு அடித்துவிட்டது.

இதைச் சொல்லும்போது அந்த அம்மாளின் முகத்தில் வருத்தமில்லை. கிணற்றில் தண்ணீர் வந்தது, மோட்டார் ஓடிற்று, மகன் படித்தான். அதையெல்லாம் தம்முடைய சாதனையாகவே சொன்னார்; அது நியாயமும்கூட. ஆனால் அந்த ஊரில் கிணற்றை அவர் கணவருடைய கிணறு என்கிறார்கள். சொம்புக் கிணறு என்று யாரும் சொல்வதில்லை.

திரும்பும்போது அவர் கேட்டது ஒன்று என் மனத்தை விட்டுப் போகவில்லை. "கோயில் சுவத்துல எழுதி வெச்சிருக்குதே, அதுல இன்னா தம்பி சொல்லியிருக்குது?" என்று கேட்டார். தெரிந்ததைச் சொன்னேன். உங்களுக்கும் சொல்கிறேன், இந்தத் தகராறுக்கு அந்தச் சுவரைவிட நல்ல சாட்சி கிடைக்காது.

திருமுக்கூடல் வெங்கடேசப் பெருமாள் கோயில் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. அங்கே பதினோராம் நூற்றாண்டில் வீரராஜேந்திர சோழன் காலத்தில் வெட்டிய மிக நீண்ட கல்வெட்டு ஒன்று உண்டு. அங்கே ஒரு பாடசாலையும் மாணவர் விடுதியும் பதினைந்து படுக்கை கொண்ட ஆஸ்பத்திரியும் நடந்தன. அவற்றின் வரவு செலவுத் திட்டம் அது. மாணவர் தலைக்குத் தேய்க்கும் எண்ணெய்வரை கணக்கு இருக்கிறது. வைத்தியர் கோதண்டராமன் அசுவத்தாம பட்டன் என்பவருக்கு ஆண்டுக்கு 90 கலம் நெல்லும் 8 காசும். சல்லியக் கிரியை, அதாவது ரண சிகிச்சை, செய்பவருக்கு 30 கலம். மூலிகை பறித்துக்கொண்டு வருகிறவர்களுக்கு இவ்வளவு, மருந்து காய்ச்சிக் கவனித்துக்கொள்ளும் பெண்கள் இருவருக்கு இவ்வளவு, நாவிதருக்கு இவ்வளவு. சேமித்து வைக்க வேண்டிய மருந்துகள்கூடப் பெயர் பெயராக இருக்கின்றன. ஏறக்குறைய ஆயிரம் வருஷத்துக்குப் பிறகும், அந்த வைத்தியருக்கு எத்தனை கலம் பாக்கி என்று யாரும் தகராறு பண்ண முடியாது. கல்லில் வெட்டியாயிற்று!

பெரியம்மா இதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார். "அப்போ பேரை வெட்டினா நெல்லு அளக்கணும்னு அந்தக் காலத்துலயே இருந்துதா?" என்றார்.

கவனியுங்கள். அந்தக் கல்வெட்டில் மருந்தடும் பெண்களின் பெயர் இல்லை. வைத்தியருக்குப் பெயர் உண்டு, அவர்களுக்கு வேலை மட்டும்தான் உண்டு. ஆனாலும் நெல் உண்டு. இவ்வளவு என்று அளவும் உண்டு. நம் காலத்துப் பெண்ணுக்கு வெள்ளியில் பெயர் இருக்கிறது, அழகான எழுத்தில் இருக்கிறது. அளக்கத்தான் ஆள் இல்லை. பெயரில்லாமல் நெல் பெற்றவர்கள் மேலா, பெயர் மட்டும் பெற்றவர்கள் மேலா? தஞ்சைப் பெரிய கோயிலில் ராஜராஜன், தான் கொடுத்தவற்றையும் தன் தமக்கை குந்தவை கொடுத்தவற்றையும் தேவிமார் கொடுத்தவற்றையும் அவரவர் பெயரிலேயே பிரித்து வெட்டச் சொன்னான். கழஞ்சு, மஞ்சாடி, குன்றிமணிவரை எடை உண்டு. தமக்கை கொடுத்த தங்கத்தைத் தம்பி கணக்கில் சேர்த்து எழுதவில்லை. ஒரு பேரரசனுக்கு இருந்த இந்தச் சின்ன நாணயம், பெட்டிச் சாவி வைத்திருக்கிற நம் கனவான்களுக்கு வரக் கூடாதா?

சட்டம் இல்லாமல் இல்லை. ஆங்கிலப் பெண்ணுக்கு 1882-ல் கிடைத்ததை நம் பழைய சாஸ்திரக்காரர்கள் ஸ்திரீதனம் என்ற பெயரில் எப்போதோ ஒப்புக்கொண்டுவிட்டார்கள். பஞ்சம், நோய், தர்மகாரியம், சிறைப்படுதல் ஆகிய சமயங்களில் கணவன் அதை எடுத்தால் திருப்பித் தர வேண்டியதில்லை என்று யாக்ஞவல்கியர் ஒரு வாசல் திறந்துவைத்தார். அந்த நான்கில் காலேஜ் சம்பளமும் இல்லை, மோட்டாரும் இல்லை! 1956-ஆம் ஆண்டின் ஹிந்து வாரிசுச் சட்டம், பெண்ணிடமுள்ள சொத்துக்கு அவளே முழு உரிமைக்காரி என்றது. 1985-ல் பிரதிபா ராணி வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு, புகுந்த வீட்டாரிடம் ஒப்படைத்த ஸ்திரீதனத்தைக் கேட்டபோது தர மறுப்பது நம்பிக்கை மோசடிக் குற்றம் என்று தீர்ப்புச் சொல்லிற்று. 2024-ல் கேரளத்திலிருந்து ஒரு வழக்கு வந்தது. கல்யாணத்தன்று பெண்ணின் 89 சவரன் நகையைப் பத்திரப்படுத்துகிறேன் என்று கணவன் வாங்கித் தன் தாயிடம் கொடுத்துவிட்டான் என்பது வழக்கு. கல்யாணம் நடந்தது 2003-ல். இருபத்தோரு வருஷம் கழித்து, 25 லட்சம் ரூபாய் கொடுக்கும்படி கோர்ட்டு உத்தரவிட்டது. தீர்ப்பு நல்ல தீர்ப்புத்தான். ஆனால் ஒரு குங்குமச் சிமிழுக்காக டில்லிவரை போகிறவள் யார்? கோர்ட்டுக்குப் போகிறவள் பெரும்பாலும் அந்த வீட்டைவிட்டு வெளியே வந்துவிட்டவள். வீட்டுக்குள்ளேயே இருந்துகொண்டு, அதே மாமியாருக்குச் சோறு போட்டுக்கொண்டு இருக்கிறவளுக்குச் சட்டப் புத்தகம் எட்டாத உயரத்தில் இருக்கிறது.

1972-ல் தொல்பொருள் சட்டம் என்று ஒன்று வந்தது. நூறு வருஷத்துக்கு மேற்பட்ட கலைப் பொருள் தேசத்தைவிட்டு வெளியே போகக் கூடாது, அதில் வியாபாரம் செய்ய லைசென்ஸ் வேண்டும் என்கிறது. பழைய பன்னீர்ச் செம்பு கப்பலேறினால் சர்க்கார் பதறுகிறது. அது ஒரு பெண்ணின் பெட்டியிலிருந்து ராத்திரியோடு ராத்திரியாக வெளியேறியபோது பதற ஆள் இல்லை.

சேகரிக்கிற நண்பர்கள் என்ன பதில் சொல்வார்கள் என்பது எனக்குத் தெரியும். பலரிடம் வாதாடிப் பார்த்திருக்கிறேன். "ரசீது இருக்கிறது, நாங்கள் திருடவில்லை" என்பார்கள். திருடினீர்கள் என்று யார் சொன்னது? ரசீதில் விற்றவர் பெயரையும் பாத்திரத்தில் வெட்டியிருக்கும் பெயரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தீர்களா என்றுதான் கேட்கிறேன். "எல்லாப் பெயரும் பெண் பெயரா? ஆண் பெயரும் இருக்கிறதே" என்பார் ஒருவர். இருக்கிறது. பேரனுக்குத் தாத்தா வெட்டிக் கொடுத்த கிண்ணம் உண்டு; உபநயனத்துக்கு மாமா கொடுத்த பஞ்சபாத்திரம் உண்டு. அவை விற்கப்படும்போது அந்த ஆண்பிள்ளைக்குப் பெரும்பாலும் தெரிந்தே விற்கப்படுகின்றன என்பதுதான் வித்தியாசம்.

"அந்தப் பெண்களே மனம் ஒப்பித்தான் கொடுத்தார்கள்" என்பது மூன்றாவது பதில். இதுதான் எனக்கு மிகவும் கோபமூட்டுவது. மனம் ஒப்பிக் கொடுத்தவர்கள் உண்டு. மனம் கொதித்துக் கொடுத்தவர்களும் உண்டு. கேட்கப்படாமலே கொடுத்தவர்களாக்கப்பட்டவர்கள் எல்லாரையும்விட அதிகம் என்று என் காதில் விழுந்த கதைகள் சொல்கின்றன. ஒப்பினார்களா என்பது தெரிய வேண்டுமானால் முதலில் கேட்டிருக்க வேண்டும். கேட்காமலே கிடைத்த சம்மதத்துக்கு நம் தேசத்தில் 'குடும்ப ஒற்றுமை' என்று பெயர்.

ஒரு சிநேகிதி வேறு மாதிரி பேசினாள். "நான் வாங்கிய சிமிழில் ஒரு பெண் பெயர் இருக்கிறது. தினம் அதைத் தொட்டுக் குங்குமம் இட்டுக்கொள்ளும்போது அவளை நினைத்துக்கொள்கிறேன். அது போதாதா?" என்றாள். நல்ல மனசு. ஆனால் இந்த நினைவினால் பெயர்க்காரிக்கு ஒரு பிடி நெல்லாவது சேருகிறதா? பிறத்தியாள் துக்கத்தை நெற்றியில் இட்டுக்கொண்டு அழகு பார்ப்பது இலக்கியத்துக்கு உதவலாம். நானும் கதை எழுதிப் பிழைக்கிறவன்தான், அதன் லாபம் எனக்குத் தெரியும்.

அப்படியானால் என்ன செய்யச் சொல்கிறாய் என்கிறீர்களா? பீரோவை உடைக்கச் சொல்லவில்லை. முதலில் உங்கள் சொந்த வீட்டுப் பெட்டியைத் திறந்து பாருங்கள். எந்தச் சாமானில் யார் பெயர் என்று ஒரு காகிதத்தில் எழுதி, அந்தப் பெயர்க்காரியின் கையில் கொடுங்கள், சாவியையும் கொடுங்கள். அடகு வைக்க நேர்ந்தால் அவளே கடைக்கு வரட்டும், சீட்டு அவள் பெயரில் இருக்கட்டும். விற்றால் பணம் அவள் பாங்கிக் கணக்கில் விழட்டும். பிறகு அவள் மோட்டாருக்குக் கொடுத்தால் அது கடன் என்று எழுதுங்கள். பெண்ணுக்குச் சீர் செய்கிறவர்கள் பெயரோடு நிற்காமல் எடையையும் வாங்கிய தேதியையும் வெட்டச் சொல்லுங்கள். பெயர் வெட்டுகிறவர் இரண்டு ரூபாய் அதிகம் கேட்பார், கொடுங்கள்.

சேகரிக்கிறவர்களுக்கு என் வேண்டுகோள் சிறியது. பெயரை அழித்த சரக்கை வாங்காதீர்கள். அழிக்காததை வாங்கினால் அடியில் இருப்பதைப் படியுங்கள். தமிழ் எழுத்துப் படிக்க வராவிட்டால் வீட்டு வேலைக்காரியைக் கேளுங்கள், அவள் படித்துச் சொல்வாள். உரிமைக்காரியைத் தேடிக் கண்டுபிடிக்க உங்களால் ஆகாது. அது எனக்கும் தெரியும். பாத்திரத்துக்குள்ளே ஒரு சீட்டு மடித்துப் போடுங்கள். அதில் வெட்டியிருக்கும் பெயர், கிடைத்த ஊர், வாங்கிய தேதி, எடை, கொடுத்த விலை, இவை இருக்கட்டும். விற்றது ஆணா பெண்ணா என்பதையும் எழுதுங்கள். அந்தச் சீட்டோடுதான் பாத்திரத்தை விருந்தாளிக்குக் காட்ட வேண்டும்.